சோப்பு தீர்ந்துபோச்சு

படப்பிடிப்புத் தளத்தில் அவரை டயலாக் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவர். அதில் பதினெட்டு வருடம், மாமியாரும் மருமகளும் ஒருவர் குடியை ஒருவர் கெடுப்பதிலேயே கழிந்துபோனது. நாற்பத்தெட்டு வயதில்தான் ஒரு கௌரவமான தொடர் அமைந்தது. ஒரே வகுப்பில் படிக்கும் ஐந்து பிள்ளைகள், அவர்களுடைய நட்பு, வீடு, அவர்கள் வளர்கிற கதை.

தொடர் நல்ல தொடர்தான். எழுதுகிறவரிடம்தான் சரக்கு இல்லை. பதினைந்து வயதுப் பெண் வாயைத் திறந்தால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேசுவது போல இருந்தது. முதல் வாரமே டைரக்டர் காகிதத்தை மேசையில் வீசினார்.

"எந்தப் பிள்ளை சார் 'நட்பு என்பது'ன்னு ஆரம்பிச்சுப் பேசும்? உங்க வீட்லயே ஒண்ணு இருக்குல்ல? அது எப்படிப் பேசுதுன்னு கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க."

கேட்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மகள் எந்தப் பிரிவில் படிக்கிறாள் என்றுகூடத் தெரியாத மனிதர், திடீரென்று சாப்பாட்டு மேசையில் அவள் எதிரே உட்கார்ந்து, "இன்னைக்கு ஸ்கூல்ல என்னடா ஆச்சு?" என்று விசாரிக்கத் தொடங்கினார். "என்ன, பாசம் பொங்கி வழியுது?" என்று மனைவி கிண்டலடித்தாள். மகள் அப்படி நினைக்கவில்லை. பாவம், தலைகால் புரியாத சந்தோஷம் அவளுக்கு. அப்பா கிடைத்துவிட்டார் என்று அவள் நம்பினாள். அவருக்கு எபிசோடு கிடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவள் தன் தோழியைப் பற்றிச் சொன்னாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி. அந்தப் பெண்ணின் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். பள்ளிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் அழுதபோது, வெளியே டீச்சர் கதவைத் தட்டியிருக்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் தோழி, "சோப்பு தீர்ந்துபோச்சு டீச்சர்!" என்று கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து அது அவர்கள் இருவருக்கு மட்டுமான பேச்சு. எத்தனை பேர் நடுவில் இருந்தாலும் ஒருத்தி அதைச் சொன்னால், அவளுக்கு அழுகை வருகிறது என்று அர்த்தம். மற்றவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவளை வெளியே கூட்டிப் போய்விட வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா. அவ அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"சத்தியமா சொல்லமாட்டேன்டா."

சொன்ன நேரத்தில் மனதாரத்தான் சொன்னார். அதிலிருந்து ஒன்பதாம் நாள் தளத்தில் ஐந்து பிள்ளைகளும் ஒப்பனையோடு காத்திருக்க, எடுக்கக் காட்சி இல்லை. டைரக்டர் கடுகடுவென்று நின்றார். டயலாக் சார் ஒரு நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டு, மகள் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த ஆட்கள் வழக்கமாகச் செய்யும் பூசி மெழுகலையும் செய்தார். பெயரை மாற்றினார். சுருட்டை முடியை நீள முடியாக்கினார். ஓடிப்போன அப்பாவை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பினார். சோப்பை மட்டும் தொடவில்லை. வேறு மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தார், ஒன்றும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. மனுஷனுக்கு நல்ல வசனத்தை விட மனம் வருமா?

காட்சி பிய்த்துக்கொண்டு போனது. பேருந்தில், அலுவலகத்தில், எங்கே பார்த்தாலும் "சோப்பு தீர்ந்துபோச்சு" என்று சொல்லிச் சிரித்தார்கள். மகளின் வகுப்பிலும்தான். கணக்கு வராதவன் சொன்னான், பசித்தவன் சொன்னான். யாருக்கும் விஷயம் தெரியாது, சும்மா விளையாட்டு. தோழி மட்டும் திரும்பி மகளைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது, அதைச் சொல்லத்தான் வார்த்தை இல்லை. பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?" என்று வீட்டில் வந்து மகள் கேட்டாள்.

"பேரெல்லாம் மாத்திட்டேனேம்மா" என்றார். வசனம் எழுதிப் பிழைக்கிற ஆளுக்கு அவ்வளவுதான் வந்தது.

அதன்பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. "ம்", "சரி", "அம்மாகிட்ட கேளுங்க", இவ்வளவுதான். நான்கு மாதம். தொடருக்காக இல்லை, நிஜமாகவே அவள் குரலுக்கு ஏங்கிப் போனார் மனிதர். குளியலறையில் அவள் பாடினால் வெளியே நின்று கேட்டார். அவர் நிற்பது தெரிந்ததும் பாட்டும் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே போய் நின்றார்.

"தப்புதான்டா. நான் செஞ்சது துரோகம். திட்டு, அடி, என்ன வேணா செய். பேசாம மட்டும் இருக்காதே."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

"உங்க மேல கோபம் இருக்குப்பா. ஆனா அந்தக் கோபத்தை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? எனக்கு இருக்கறது ஒரே ஒரு அப்பா."

சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்தாள். அவர் உடைந்துவிட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார். இனி ஜென்மத்துக்கும் இவள் பேச்சில் ஒரு சொல்லைத் தொடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போது அவள் ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள்.

அவர் அழுகை நின்றது. 'தோளில் சாய்கிறாள். சற்று நேரம் கழித்து மூக்கை உறிஞ்சுகிறாள்.' நூற்றுப்பன்னிரண்டாவது எபிசோடு, மூன்றாவது காட்சி. சற்று முன் அவள் பேசியதும் அதே காட்சியின் வசனம்தான். வேறு எதுவும் வராமல் அவரே எழுதிக் கொடுத்தது, போன வாரம்தான் ஒளிபரப்பானது.

விலக்கிப் பார்த்தார். மகளின் கண்ணில் பொட்டு ஈரமில்லை.

"சரியா சொன்னேனாப்பா?" என்று கேட்டுவிட்டு, சட்டையின் அடுத்த கையைத் தேய்க்கப் போனாள்.