கல்பிட்டிக் கரையில் கூட்டம் கூட்டின கதை

ஊர் ஊராப் போய் "ஒற்றுமையா இருங்கோ" எண்டு சொல்லிச் சம்பளம் வாங்கிற தொழில் எங்கட தொழில்; சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டின சகபாவிகளே, இது உங்களுக்குத்தான்.

இலங்கையில சண்டை முடிஞ்ச கையோட கல்பிட்டிப் பக்கம் கடற்கரைக் காணிக்கு ஒரே கிராக்கி. நான் வேலை செய்த ஊரில ஒரு ஹோட்டல்காரர் வந்து, கரையில இருந்து றோட்டுக்குப் போற பாதையை மறிச்சுக் கம்பி அடிச்சிட்டார். சுத்திப் போனா, லொறிக்குப் போய்ச்சேர முன்னம் மீன் நாறிப்போகும். பாதையை மீட்க ஊரைத் திரட்டவேணும். திரட்ட வந்த ஆள் நான்.

கூட்டத்துக்கு நாள்

வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை, மற்ற நாளெல்லாம் கடல். கடல் கொந்தளிக்கிற நாளில வாறம் எண்டினம். அதுக்குப் பிறகு காலமை எழும்பினா, காத்து அடிக்குதோ எண்டு பார்க்கிறதுதான் என்ர முதல் வேலை. ஒருநாள் அடிச்சுது பாருங்கோ! மண்டபம் நிறைஞ்ச சனத்தைக் கண்டு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்க, கருவாடு போடுற மேரியக்கா கேட்டா: "ஏன் மிஸ், எங்க வீட்டுல உலை வைக்காட்டித்தான் உங்களுக்குச் சிரிப்பு வருமா?"

வராதவ தலைவி

அடுத்த கூட்டத்தில பாதைக் குழுவுக்குத் தலைவி தெரிவு. எல்லாரும் நிலத்தைப் பார்த்தினம். கடைசியில ஏகமனதாத் தெரிவானது, அண்டைக்குச் சிலாபம் சந்தைக்குப் போயிருந்த மேரியக்கா. பின்னேரம் பஸ்ஸால இறங்கினவவுக்கு மாலையும் போட்டம். "நாசமாப் போவாளுக, ஒரு நாள் ஊருல இல்லாததுக்கு இப்பிடியா தண்டனை?"

ஒத்திகை

பாதை கேட்டு அரசாங்கக் கந்தோரில கதைக்கிறதை நடிச்சுப் பழகினம். ஊர் முஸ்லிம் அக்கா, றஹீமா ராத்தாதான் அதிகாரி. மேரியக்கா பாதை கேட்கிறவ. கதிரையில இருந்த உடனே ராத்தாவின்ர முகமே மாறிட்டுது. நிமிர்ந்தும் பார்க்காமல், "அடுத்த கிழமை வாங்க." மேரியக்கா கெஞ்சினா, கத்தினா, ராத்தா அசையேல்ல. கந்தோர் கந்தோரா அலைஞ்ச மனுசியல்லோ, நல்லாப் படிச்சு வைச்சிருந்தா. மேரியக்கா கோவிச்சுக்கொண்டு வெளிய போயிட்டா. இது நடிப்புத்தானே அக்கா எண்டு சமாதானம் சொல்லப் போனா, என்னில பாய்ஞ்சா: "என்ன நடிப்பு? அவ பாதையத் தரமாட்டேன்னுட்டாவே மிஸ்!"

கறிக்கு மீன்

கனக்க அலைக்கழிச்ச பிறகு உண்மையான அதிகாரி பாதையைப் பார்க்க வந்தார். ஜீப்பை றோட்டில விட்டிட்டு, கம்பியைச் சுத்தி நடந்து வாறதுக்குள்ள மனுசனுக்கு வேர்த்து ஊத்திட்டுது. நான் சட்டம் கதைக்க வாயெடுத்தன். அந்த நேரம் கரைவலை இழுபடுது. மேரியக்கா "சேர், ஒருக்காப் பிடிங்க" எண்டு கயிறை அவர் கையில குடுத்திட்டா. கயிறில கை வைச்சவரைக் கறிக்கு மீன் குடுக்காமல் அனுப்பிறது அந்தக் கரையில வழக்கமில்லை.

வலை ஏறினதும் ஒரு பை மீன் அவருக்கு. மனுசன் கம்பியைப் பார்த்தார், அங்கால நிண்ட ஜீப்பைப் பார்த்தார், உச்சி வெயிலையும் பார்த்தார். மேரியக்கா வலு பவ்வியமாச் சொன்னா: "கெதியா நடங்க சேர், சுத்திப் போறதுக்குள்ள மீன் நாறிடும், நாங்க தினமும் படுற பாடுதான்."

அந்தக் கிழமையே கம்பி கழண்டுது. "மக்களை நான் விழிப்படையச் செய்தேன்" எண்டு மேலிடத்துக்கு எழுதினதை மட்டும் தயவுசெய்து மேரியக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.