எருமைக்கன்றின் கன்னத்தில் ஒரு சொட்டு

பனியனில் படம் வரைந்து பிழைக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: படத்தை யார் வேண்டுமானாலும் நெஞ்சில் சுமப்பார்கள், வரைந்தவனை யாரும் தேடி வந்து உதைக்க மாட்டார்கள். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, பெரிய ஓவியன் ஆகப்போகிறோம் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் கம்பெனி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்த சக நோயாளிகளே, இது உங்களுக்காக.

வீடு பார்த்த கதை

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெட்டியோடு திருப்பூர் வந்து இறங்கிய புதிது. நல்லூரில் ஒற்றை அறை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்கார அம்மா முதலில் மோர் கொடுத்தார், பிறகுதான் விசாரணை. டெய்லரா, கட்டிங் மாஸ்டரா, அயர்ன் மாஸ்டரா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பனியன் மேல் வரும் படங்களை வரைகிறவன் என்று சொன்னேன்.

அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு இரக்கம். சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குக்கூட அவ்வளவு இரங்கியிருக்க மாட்டார். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தைக்கத் தெரியாதுங்களா? போவுது உடுங்க சாமி, மனசைத் தளர உட்றாதீங்க, பையக் கத்துக்கலாம்."

முதலாளியும் காளையும்

எங்கள் பிரிண்டிங் யூனிட்டில் என் வேலை பெரும்பாலும் வரைவதே அல்ல. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் படம் அனுப்புவார். அதைக் குண்டு மானிட்டரில் திறந்து சிவப்பைத் தனியாக, நீலத்தைத் தனியாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது சாயம் இறக்கும் வலைச்சட்டம், தயார் செய்ய வேண்டும். அவ்வளவுதான். ஊரான் வீட்டுக் கரடிக்குச் சட்டை கழற்றி மாட்டிவிடும் வேலை.

ஒருநாள் குழந்தைகள் பனியனுக்கு உங்கள் படம் ஏதாவது அனுப்புங்கள் என்று ஒரு பையர் கேட்டுவிட்டார். என் கால் தரையில் நிற்கவில்லை. எதை வரைவது? என் சின்ன வயதில் அப்பா என்னை எந்தப் பெயரால் அதிகம் கூப்பிட்டாரோ, அதையே வரைந்தேன். காதோரம் நீலப்பூ வைத்துக்கொண்டு ஈயென்று சிரிக்கும் ஒரு எருமைக்கன்று. வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலாளிக்குக் காங்கேயம் பக்கம் சொந்த ஊர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை, ஆழ்ந்த வருத்தம்தான் இருந்தது. "ஏனுங்க தம்பி, நம்ம காங்கேயம் காளை அத்தனை கம்பீரமா நிக்குது. அதைய உட்டுப்போட்டு, எருமையப் போயி சீமைக்கு அனுப்புறீங்களே!"

சாம்பிள் என்றால் சாம்பிள்

முதலாளி அரைமனதாகச் சம்மதித்து, பையருக்கு அனுப்பச் சாம்பிள் பனியன் அடிக்கிற அன்று எல்லாம் அவசரம். பிரிண்டிங் மாஸ்டர் செல்லமுத்து அண்ணன் கடைசியாக நீலத்தை அடித்துவிட்டு ஸ்கிரீனைத் தூக்கினார். ஒரு சொட்டுச் சாயம் தெறித்து, சிரிக்கிற கன்றின் கண்ணுக்குக் கீழே, சரியாகக் கன்னத்தில் போய் உட்கார்ந்தது. வேறு பனியன் அடிப்போம் என்று நான் கத்தினேன். கூரியர் பையன் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றான். பையரோடு கடிதப் போக்குவரத்து பார்க்கிற மெர்ச்சண்டைசர் சுமதி, அப்படியே மடித்துக் கவரில் போட்டு அனுப்பிவிட்டார்.

சாம்பிள் அப்ரூவ் ஆகித் திரும்பி வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலிருக்கும் அப்பாவுக்கு போன் போட்டு, நீங்கள் திட்டிய எருமை வெளிநாடு போகிறது என்றேன். பிறகு முதல் வேலையாக, சொட்டு இல்லாத என் படத்தையே ஸ்கிரீனுக்குக் கொடுக்கப் போனேன். சுமதி ஓடி வந்து தடுத்தார். சாம்பிளில் இருந்தது எதுவோ அதுதான் பனியனிலும் இருக்க வேண்டுமாம். அது படம் இல்லை, கறை என்று வாதாடினேன், கெஞ்சினேன். சுமதி அசையவில்லை. தெறித்த சொட்டைப் பார்த்துப் பார்த்து, அதன் வால் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது வரைக்கும் உட்கார்ந்து வரைந்தேன். தற்செயலை நகலெடுப்பதற்குக் கல்லூரியில் பாடம் கிடையாது.

சுமதியின் சட்டம் ஒன்றுதான்: "அப்ரூவ்டு சாம்பிள்ல கொசு உக்காந்திருந்தா, புரொடக்‌ஷன்லயும் பீஸுக்குப் பீஸு கொசு உக்காரணுமுங்க."

பாராட்டு விழா

அந்த பையர் ஒரு வெள்ளைக்கார அம்மா, நேரிலேயே வந்தார். நான் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றேன். அவர் பனியனைக் கையில் எடுத்து, கன்று அழகுதான், ஆனால் அந்தக் கண்ணீருக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன், சிரித்துக்கொண்டே அழுகிறதே என்று சொன்னதாகச் சுமதி மொழிபெயர்த்தார். அதை யார் செய்தது என்று வேறு கேட்டார். சுமதி நேராகச் செல்லமுத்து அண்ணனைக் கைகாட்டிவிட்டார்.

வெள்ளைக்கார அம்மா மாஸ்டருடைய நீலக் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வயிறு எரிந்தது என்றால் சாதாரணமாக எரியவில்லை, பாய்லர் மாதிரி எரிந்தது. இத்தனை வருடம் பென்சில் பிடித்தவன் நான். என் கன்றில் என்னுடையதல்லாத ஒரே இடத்துக்குத்தான் மரியாதை என்றால், நான் எதற்கு? மாஸ்டரோ பயந்துபோய், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து, என் பின்னால் ஒதுங்கினார். "நா சும்மா கைய ஒதறுனனுங்க, வேற ஒண்ணும் பண்ணலீங்க!"

ஏன் அழுகிறது?

அடித்து முடிந்த பனியன்களைச் செக்கிங் பெண்கள் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்கள். அந்த வாரம் அங்கே வேலை ஓடவில்லை, விசாரணை ஓடியது. கன்று ஏன் அழுகிறது? எங்கள் ஊர்ப்பக்கத்து எஸ்தர் அக்கா, "ஊருக்குப் போயி ஒரு வருசமாச்சுல்லா, அதான் அழுவுது" என்று தீர்ப்புச் சொன்னார். அவர் கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுக் கிடைக்காமல் இருந்தார். பீகாரிலிருந்து வந்து பண்டல் தூக்குகிற ராஜேஷும் இந்தியில் அதையேதான் சொன்னார், அம்மா ஞாபகமாம். சரஸ்வதி அக்கா மட்டும், சூப்பர்வைசர் வைதிருப்பார் என்று சத்தமாகச் சொன்னார். சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றார்.

ஒவ்வொரு பனியனையும் மடிக்கும்போது கன்றின் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார்கள். நான் அங்கே மூன்று நடை நடந்தேன், ஒரு பாராட்டாவது விழுகிறதா என்று. விழவில்லை. வெட்கத்தை விட்டு சரஸ்வதி அக்காவிடமே படம் எப்படி என்று கேட்டேன். "படமுங்களா? அது கெடக்குது உடுங்க. பாவம், வாயில்லாச் சீவனுக்கு என்ன கஷ்டம்னு ரோசன பண்ணுனீங்களா?"

காங்கேயம் பஸ்

ஆர்டருக்கு மேல் அதிகமாக அடித்த பனியன்கள் வழக்கம்போல உள்ளூர்க் கடைகளுக்கு வந்தன. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் பஸ்ஸில் போனேன். எதிர் சீட்டில் ஒரு சின்னப் பெண், அம்மா மடியில் உட்கார்ந்து, பலூன் வாங்கித் தரவில்லை என்று பஸ்ஸே அதிர அழுதுகொண்டு வந்தாள். அவள் நெஞ்சில் என் எருமைக்கன்று.

நல்லூர் தாண்டியதும் குனிந்து பனியனைப் பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றது. அம்மாவின் முந்தானையை இழுத்தாள். தன் கண் வழிந்துகொண்டிருக்க, முதலில் கன்றின் கன்னத்தைத் துடைத்தாள். சொட்டு போகவில்லை. மறுபடியும் துடைத்தாள். பிறகு அதன் காதருகே குனிந்து, பெரிய மனுஷி குரலில், "அழுவாத கண்ணு, ஊட்டுக்குத்தான போறோம்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்து நின்று கண்டக்டரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, இந்தப் படத்தை வரைந்தது நான்தான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். குழந்தை சிரிக்கவில்லை. கன்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க மாமா, நீங்கதானுங்களா இதைய அழுவ வெச்சது?"

செல்லமுத்து அண்ணன் மன்னிக்க வேண்டும், "ஆமா பாப்பா, நான்தான்" என்று அந்தச் சொட்டையும் என் பேரில் சேர்த்துக்கொண்டேன், ஆனால், வீட்டுக்கார அம்மா கவலைப்பட்ட மாதிரி, தைக்கத்தான் இன்னும் தெரியாது.