தவக்காலத்தில் மீன் வாசம்

தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி, முட்டை எதுவும் நுழையாது. சாம்பல் புதனுக்கு முந்தின நாளே மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவேன். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் பருப்பு, கீரை, கோஸ்தான். எங்கள் எஸ்டேட் லைனில் சர்ச்சுக்குப் போகிற வீடுகள் எல்லாமே இப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா முருகன் கோயிலுக்குப் போகிறவர். அவர்கூட அந்த நாட்களில் கருவாடு பொரித்தால் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

அப்படிப்பட்ட வீட்டில் இந்த வருஷம் மீன் வாசம் வந்தது.

நான் தேயிலை ஃபாக்டரியில் தூளைத் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறவள். தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் எங்களுக்குப் பவுடர் கூடாது, தலையில் பூ கூடாது, சாப்பாட்டில் கருவாடும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் கூடவே கூடாது. இத்தனை வருஷம் அங்கே நின்றதில் என் மூக்கு நாய் மூக்காகிவிட்டது. லைனில் யார் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். அந்த மூக்கு மீன் என்றால் மீன்தான்.

முதலில் பிடிபட்டது சாயங்கால ஜெபத்தில். நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லுவோம். அவர் கை மணியை உருட்டும்போது சோப்பு வாசம் குப்பென்று வந்தது. ஜெபத்துக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற மனிதர் இல்லை அவர். சோப்புக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. நல்ல மீன் வாசமாக இருந்தாலும் மன்னித்திருப்பேன். இது மத்தியானத்துக்கு மேல் பாசார் மீன் கடையில் ஐஸ் கரைந்துபோன பெட்டியின் வாசம். அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்தியே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். இப்போது ஓய்வு. காலையில் தானா ராத்தா டவுனுக்குப் போய்க் கோப்பி குடித்துவிட்டு வருவார். அங்கே கடைக்குக் கடை மீன் பொரிக்கிறார்கள். நாக்கை அடக்கத் தெரியாத மனிதர். எனக்கு வேறென்ன தோன்றும்?

"தானா ராத்தாவுல என்னா சாப்பிட்டீங்க?"

"கோப்பிதான். ஏன்?"

"வெறும் கோப்பியா?"

"ரெண்டு ரொட்டி. என்னா நீ, போலீஸ் மாதிரி கேக்குற?"

பார்வையை எங்கேயோ வைத்துக்கொண்டு பதில் சொன்னார். திருட்டு முழி என்றால் அதுதான்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தேன். நான் வேலை முடிந்து வரும்போது பின்கட்டுக் கதவு சாத்தியிருக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும். கதவு திறந்தால் முதலில் பூனை வரும், பின்னால் அவர் வருவார். பூனை மேலும் அதே வாசம். ஆக இரண்டு பேரும் கூட்டு. இவர் ஒளித்துக் கொண்டுவந்து தின்கிறார், வாயைத் திறக்காமல் இருக்க அதற்கும் பங்கு கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அந்தப் பூனை பதினைந்து வருஷத்துக்கு முன் அவருடைய லோரியில் கோஸ் கூடைகளுக்கு நடுவே கத்திக்கொண்டு கிடந்தது. கண்கூடத் திறக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். குட்டியிலேயே அதற்குக் கிழவி என்று பட்டம் வைத்தார். இப்போது நிஜமாகவே கிழவியாகிவிட்டது. மீன் தின்கிற பூனை ஏன் இப்படி இளைத்துப்போகிறது, இடுப்பெலும்பு ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். தவக்காலத்தில் அது தட்டை ஒதுக்கினால், மீன் கிடைக்காத கோபம் என்றுதான் வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்போம். இந்த வருஷமும் சிரித்தோம்.

ஒருநாள் ஃபாக்டரியில் எங்களை மேற்பார்க்கிற கிராணி எங்கள் வரிசைக்கு வந்து மூக்கைச் சுளித்தார்.

"யாரு கருவாடு கொண்டாந்தது? தூளு பூரா நாறிப்போயிரும் லா!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் ஒவ்வொருவராக முகர்ந்துகொண்டே வந்து என் முன்னால் நின்றார். என் சட்டைக் கையிலிருந்துதான் வந்தது. முந்தின நாள் மடித்து வைத்த யூனிபார்ம் மேல் பூனை தூங்கியிருந்தது. தவக்காலத்தில், அத்தனை பேர் நடுவில், கருவாடு கொண்டுவந்தவள் என்ற பேர் எனக்கு! முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றி வரச்சொல்லிவிட்டார்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பின்பக்கமாகச் சுற்றிப்போய்க் கதவைத் தள்ளினேன்.

கையும் களவுமாகத்தான் பிடித்தேன். ஆனால் மீன் இல்லை. குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பூனை. தட்டில் வெந்நீரில் ஊறிக் கூழான ரொட்டி. அதை விரல் நுனியில் எடுத்துப் பூனையின் கடைவாயில் தடவிக்கொண்டிருந்தார். அது ஒருவாய் நக்கும், முன்காலால் வாயைப் பிறாண்டும், தலையை உதறும். எச்சில் நூலாக வடிந்தது. எச்சிலில் ரத்தம். பூனையின் தலையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. கடைப்பல் எல்லாம் பழுப்பாக அழுகிப்போயிருந்தது. நான் இத்தனை நாள் தேடிய மீன் அந்த வாய்க்குள்தான் இருந்தது.

"எத்தன நாளா?"

"தவக்காலம் வர்றதுக்கு முன்னாடியிலேருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பூனையின் காதைத் தடவினார். "சொன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போவ. வயசாயிருச்சி, ஊசி போட்ரலாம்னு சொல்லுவாங்க. தொர வீட்டு நாய அப்படித்தான் கேரேட்டாவுல ஏத்திட்டுப் போனாங்க. திரும்பி வரும்போது கயிறு மட்டும்தான் வந்துச்சி."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது பட்டினியில் சாகட்டும், ஊசியில் மட்டும் சாகக்கூடாது, அப்படியா என்று கத்தினேன். மடியில் அது எடையே இல்லாமல் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கும் பயம் வந்துவிட்டது.

மறுநாள் லீவு போட்டேன். இரண்டு காய்கறிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கட்டி, உள்ளே பூனையை வைத்து, மலையிலிருந்து ஈப்போவுக்கு இறங்கினோம். லோரியில் பறந்த மனிதர் காரை ஊர்ந்து ஓட்டினார். பின்னால் வந்தவன் எல்லாம் ஹோன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனான்.

டாக்டர் சின்ன வயதுச் சீனப்பெண். மலாயில் பொறுமையாகச் சொன்னாள். வேர் வரை அழுகிவிட்டதாம். மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டுமாம். வயதான பூனை, மயக்கத்திலிருந்து எழும்பாமலும் போகலாம். முதலில் ரத்தம் எடுத்துச் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்கிறேன் என்றாள்.

என் மூக்குதான் ஓய்ந்தது, சந்தேகம் ஓயவில்லை. எல்லாப் பல்லுமா? ஒரு பல்லைக் காட்டப் போனால் பக்கத்துப் பல்லையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற காலம் இது. பல்லில்லாத பூனை எதைத் தின்னும்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாவம், சாப்பிடவில்லை, ஊசி போட்டுவிடலாம் என்று நாளைக்கு இவளே சொன்னால்?

"பல்லு இல்லாம எப்படிச் சாப்பிடும்?"

"இப்ப பல்லு இருக்கறதுனாலதான் ஆண்டி சாப்பிட முடியல. எடுத்துட்டா வலி இருக்காது. ஈறாலயே நல்லாச் சாப்பிடும்."

இந்த இனிப்பான பேச்சையும் நான் நம்பவில்லை. ரத்தம் பார்த்துவிட்டு வந்து, செய்யலாம், நீங்கள் சம்மதித்தால் என்றாள். வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நான்தான் சரி என்றேன். "பிடுங்கின பல்லு எல்லாத்தையும் எனக்குக் காட்டணும்" என்று ஒரு கட்டளையும் போட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

காலிக் கூடை எங்கள் காலடியில் இருந்தது. அவர் அதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய் வெயிலில் நின்றார். ஈப்போ வெயில் எங்கள் உடம்புக்குத் தாங்காது. உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. நான் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினேன். பூனைக்காக வேண்டிக்கொள்ளலாமா என்று சாமியாரைக் கேட்டதில்லை. கேட்காமலே வேண்டிக்கொண்டேன்.

எழும்பிவிட்டது. தலை ஆட, நாக்கு ஓரமாகத் தொங்க, அதே கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு தட்டில் பல்லையும் காட்டினாள். கறுப்பும் பழுப்புமாகக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தேகமில்லை, அதே வாசம்.

"மீன உப்புப் போடாம அவிச்சி, முள்ளெடுத்து, நல்லா மசிச்சிக் குடுங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சாப்பிட்டா பயமில்ல. சாப்பிடலன்னா உடனே கொண்டு வாங்க."

மீனா? வேறெதுவும் கூடாதா என்று கேட்டேன். கோழியும் கொடுக்கலாம் என்றாள். நல்ல யோசனைதான்!

மறுநாள் டவுனில் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பிக்கு எங்கள் வீட்டைத் தெரியும்.

"என்னா ஆண்டி, ஈஸ்டர் முடிஞ்சிருச்சா?"

"பூனைக்குப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க லா" என்று சிரித்தான். வருகிற வழியெல்லாம் அவன் சிரிப்பு குத்திக்கொண்டே வந்தது.

கவிழ்த்து வைத்த மீன் சட்டியை எடுத்து அவித்தேன். முள்ளெடுத்து, கூழாக மசித்துப் பூனை முன்னால் வைத்தேன். முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலில் எடுத்து நீட்டினேன். என் விரலையும் வேண்டாம் என்றது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துக் கடைவாயில் தடவினார். நக்கியது. நின்றது. வலி வரும் என்று காத்திருந்தது போலிருக்கிறது. வரவில்லை. மறுபடி நக்கியது. அப்புறம் தட்டுக்கே தலையைக் குனிந்து, சளப் சளப் என்று, மூச்சுவிடாமல் தின்றது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

மெழுகுவர்த்தியைக் கொளுத்தி முழந்தாளிட்டேன். அவர் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டு, மணியைக் கையில் எடுத்துவிட்டு, சட்டென்று நினைவு வந்தவராக எழுந்தார்.

"இரு, கை கழுவிட்டு வந்துர்றேன்."

"வேணாம்" என்றேன். "அப்படியே இருங்க."