இரண்டு மாத்திரையும் ஒரு பேரீச்சம்பழமும்

திண்டுக்கல் பேகம்பூரில் காதர் பீவியின் குரல் கேட்காத நாள் கிடையாது. கல்யாண வீடுகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்துப் பிழைத்தவள். அவள் ஏசத் தொடங்கினால் அம்மிச் சத்தம் அடங்கிப்போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், பொங்கல் கழித்து, அந்த அம்மிமேலேயே தலை சுற்றிச் சாய்ந்தாள். டாக்டர் சூசைமாணிக்கம் சோதித்துவிட்டு, "பிரஷர் எக்கச்சக்கமா இருக்கும்மா" என்று சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு.

பத்தே நாளில் ஆள் மாறிப்போனாள். மீன்காரர் எடை குறைத்தால்கூடச் சிரித்தாள். தர்காவில் ஓதிய தண்ணீர்தான் வேலை செய்கிறது என்று தெரு நம்பியது. தெருவுக்கு என்ன, காது பிழைத்தால் போதும்.

கனவு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. மதியம் கண்ணயர்ந்தால் நூர் முகமது வந்தார். அவள் புருஷன். நாற்பத்தொன்றில் ரங்கூன் போனவர். மகள் உம்மு சல்மா அப்போது வயிற்றில். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது, அவ்வளவுதான். அவர் செத்திருப்பார் என்று ஊரார் எத்தனை சொல்லியும் காதர் பீவி தாலியாகக் கட்டிய கருகமணியைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. இருபது வருஷமாகக் கனவில்கூட எட்டிப் பார்க்காத மனுஷன், இப்போது தகரப்பெட்டியோடு திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கி நின்றார். மறுநாள் மணிக்கூண்டருகே. வெயில் இல்லாத ஒரு மஞ்சள் வெளிச்சம், ஆளில்லாத தெரு, அவர் மட்டும் நிதானமாக நடந்து வந்தார். செருப்பு வார் அறுந்திருந்தது வரைக்கும் தெரிந்தது.

நோன்பு மாதம் பிறந்தது. பகலில் மாத்திரை போட வழியில்லை. நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், கையோடு இரண்டு மாத்திரையும். கஞ்சி அதற்கப்புறம்தான். வெறும் வயிற்றில் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்தாள். பிடிக்கவும் செய்தது. நூர் முகமது தெருமுனைக்கே வந்துவிட்டார்.

வயிறும் எரிந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே நெருப்புக் கங்கு வைத்தது போல. நோன்பின் கஷ்டத்தை வெளியே சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டாள். நிஜமான பயம் வேறு. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அவர் இன்னும் நாலு வீடுதான் கடக்க வேண்டும்.

இருபத்தேழாம் நோன்பன்று ரத்தமாக வாந்தி எடுத்தாள்.

"இந்த மருந்து பிரஷரை இறக்கும், வயித்துல அமிலத்தை ஏத்தும். வெறும் வயித்துல ரெண்டையும் போட்டுப் புண்ணாக்கி வச்சிருக்கீங்க. இனிமே தொடாதீங்க, வேற மருந்து பாப்போம்" என்றார் டாக்டர். "கனவு நெறைய வந்திருக்குமே? அதுவும் இதோட வேலைதான்."

வீட்டுக்கு வந்ததும் மகள் மாத்திரைப் பாட்டிலைக் கேட்டாள். காதர் பீவி அதை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ஒங்கத்தா நாலு வீடு தள்ளி நிக்கிறாருடி" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

உம்மு சல்மா அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். பிறகு, "அத்தா மூஞ்சி எனக்குக் கனவுல வரக்கூட வழியில்லம்மா. நான் பாத்தது ஒன் மூஞ்சி ஒண்ணுதான். அதையும் கொண்டு போகப் போறியா?" என்றாள்.

பாட்டில் கை மாறியது.

மருந்து உடம்பை விட்டு இறங்கச் சில நாளானது. பெருநாள் கழிந்த நாலாம் மதியம், கனவில் கதவு தட்டப்பட்டது. மஞ்சள் வெளிச்சம் ஓரத்தில் மங்கியிருந்தது. திறந்தாள். அவரேதான். இத்தனை நாளும் கனவில் சிரித்துக்கொண்டே நின்றவள்தான்; மாத்திரை அங்கேயும் அவளைச் சாந்தமாக வைத்திருந்தது. இன்று சிரிப்பு வரவில்லை.

"இருபது வருசம்! ஒரு காயிதம் போடக் கையில்லையா ஒங்களுக்கு? பிள்ளை பொறந்துச்சா, செத்துச்சான்னு கேட்டீகளா?"

தன் சத்தத்திலேயே விழித்தாள். தெருவில் மீன்காரர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். மகள் ஓடி வந்தாள்.

"யாரும்மா? யாரை ஏசுற?"

"ஒங்கத்தாவைத்தான்." முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் நிற்கவில்லை. "உசுரோட இருந்தா ஒரு காயிதம் போடாம இருந்திருப்பாரா? அவரு மௌத்தாயி ரொம்ப நாளாச்சுடி, சல்மா."

கருகமணியைக் கழற்றி மகள் கையில் வைத்தாள்.