திரையின் இடப்பாதி

முகத்தை மழித்துவிட்டு முருகானந்தம் குளியலறையிலிருந்து வெளியே வந்ததும், அவர் மனைவி தமயந்தி திடுக்கிட்டு நின்றுவிட்டாள். வலக்கன்னம் வழவழவென்றிருந்தது, இடக்கன்னத்தில் மருத்துவமனையில் வளர்ந்த தாடி அப்படியே இருந்தது. அவரோ வேலையைச் சுத்தமாக முடித்த நிறைவோடு துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

காளிகாட்டில் மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போது மழையில் வழுக்கி, நடைபாதை விளிம்பில் தலை மோதியதன் விளைவு அது. மூளையின் வலப்பக்கம் அடி. கண்ணில் குறையில்லை, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிடும் என்றார் மருத்துவர். கிதிர்பூர்த் துறைமுகத்தில், கப்பலின் இருபுறமும் சரக்கு சமமாக ஏறுகிறதா என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர், இப்போது தட்டின் வலப்பாதியைக் காலி செய்துவிட்டு இன்னும் சோறு கேட்டார். தமயந்தி தட்டைத் திருப்பி வைப்பாள்.

கைபேசிதான் பெரும்பாடாக இருந்தது. "ஏளா, இந்தப் போன்ல நாலையே காணோம்!" என்று ஒருநாள் கத்தினார். பூட்டைத் திறக்கும் எண்ணில் நான்கு இருந்தது. அது திரையின் இடவோரத்தில் இருந்தது. தமயந்தி பூட்டையே எடுத்துவிட்டாள். புனேயில் வேலை பார்க்கும் மகள் அனுராதாவின் அரட்டைப் பக்கத்தைத் திறக்கும் குறியை மட்டும் வலவோரத்தில், கட்டைவிரல் படும் இடத்தில் வைத்துக் கொடுத்தாள்.

நேரடி அழைப்பின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. எனவே மதியந்தோறும் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தி, நிறுத்தி நிறுத்தி மகளுக்குப் பேசி அனுப்பினார். அனுப்பியவை திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. கேட்டுவிட்டாள் என்பதற்கான நீலக்குறி ஒவ்வொன்றிலும் விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை. கேட்கிறாள், ஆனால் வாய் திறப்பதில்லை. மூளை கலங்கியவனிடம் என்ன பேச்சு என்று விட்டுவிட்டாள் போலும்! மனைவியிடம்கூடச் சொல்லாமல் அதை உள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

சால்ட் லேக் குடியிருப்பின் கீழே துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல் தமயந்தி சொன்னாள்: "அனு சப்தமிக்கு வாராளாம்."

"எதுக்கு? செத்தேனா இருக்கேனான்னு பாக்கவா?"

அவள் திரும்புவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். "நீ வர வேண்டாம். எனக்கு மக இல்லைன்னு நெனச்சுக்கிடுதேன்."

தமயந்தி கைபேசியைப் பிடுங்கினாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நானும் நாயாக் கத்துதேன். ஒரு பதில் போட்டாளா?"

"பதில் போடலையா? அப்ப இதெல்லாம் என்ன?"

"எது?"

திரையை அவர் முகத்துக்கு நேராக நீட்டியும் அவர் பார்வை வலவோரத்திலேயே நின்றது. தமயந்திக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டுக்கும் பூட்டுக்கும் யோசித்தவள் இதற்கு யோசிக்கவில்லை. அரட்டையில் அவர் அனுப்பியது வலப்பக்கம், மகளிடமிருந்து வந்தது இடப்பக்கம். அவர் தாடையைப் பிடித்து மெல்ல இடப்புறம் திருப்பினாள். "இன்னும்... இன்னும் திரும்புங்க."

ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வெள்ளைக் கட்டங்கள் முளைத்து வந்தன.

'அப்பா, இன்னைக்கு நடந்தீங்களா?'

'பிசியோதெரபி அண்ணன் வந்தாரா?'

'நான் கேட்டது ஒண்ணுக்கும் பதில் சொல்ல மாட்டேங்கீங்க. பரவால்லப்பா, உங்களுக்குப் புரியலைன்னாலும் நான் எழுதிக்கிட்டே இருப்பேன்.'

முருகானந்தம் அந்தக் கட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம்... இங்கனயேவா இருந்துச்சு?"

"அந்தக் கடைசிப் பேச்சை அழிச்சிருதேன், இருங்க" என்று தமயந்தி தடுமாறினாள். அதற்குள் அதிலும் நீலக்குறி விழுந்துவிட்டது. மறுகணமே தமயந்தியின் கைபேசி அலறியது. ஒலிபெருக்கியில் அனுராதாவின் அழுகைதான் முதலில் வந்தது. "அம்மா, அப்பா ஏன் இப்படிச் சொல்லுறாங்க? நான் என்ன பண்ணுனேன்?"

அழைப்பு என்றாலே ஒதுங்குகிறவர் அதன் பக்கம் குனிந்தார். "அனு... அழாத. நீ எழுதுனது எதையும் நான் பாக்கலைட்டி. என் கண்ணு முன்னாலதான் இருந்திருக்கு. பாக்கல."

மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

"ஒண்ணுகூடவாப்பா?"

"ஒண்ணுகூட இல்ல. வச்சிராத. படிச்சிட்டுச் சொல்லுதேன்."

தாடையில் தமயந்தியின் கை இருக்க, அவர் விரலால் திரையை நகர்த்தினார். கட்டங்கள் வந்துகொண்டே இருந்தன.