சுவருக்கு ஒரு படம், மேசைக்கு ஒரு படம்

என் நாத்தனார் ரக்னா எதைப் பார்த்தாலும் முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மீன் சூப்புக் கிண்ணம், உப்புப் புட்டி, தேவாலயத்து முன்வரிசைத் தொப்பிகள், எதுவும் தப்பாது. "ரக்னா நம்மளப் பாத்துக் கண்ணடிக்குதுடா" என்று மரம் அறுக்கும் மில் ஆட்கள் சிரிப்பார்கள்.

வன அலுவலகத்தில் விமானப் படங்களைப் பிரித்து வைப்பது அவர் வேலை. ஒரே மலையை இரண்டு இடங்களிலிருந்து எடுத்த ஜோடிப் படங்கள் அவை. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படமாகக் காட்டினால் மலை மேடாக எழுந்து நிற்கும். விமானம் வெகுதூரம் நகர்ந்து எடுத்த ஜோடியை மேசையில் வைக்கும் இரட்டை லென்ஸ் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தால் சின்னப் பள்ளமும் கிணறு போலத் தெரியும். அதையே சுவரில் பெரிதாகப் போட்டால் படங்கள் விலகிப்போய்க் கண்ணை இழுக்கும். சுவரில் போட, கிட்டக்கிட்ட இருந்து எடுத்த ஜோடிதான் ஆகும். ஆனால் அதில் ஆழம் அடங்கிப்போகும்.

அந்த மார்ச்சில் ஒரு நாள் தவிர மழை விடவேயில்லை. எங்கள் ஓடைத்தெருவுக்கு மேலே, மலை உச்சியில், ஒரு பிளவு தெரிவதாகவும் மலை சரியக்கூடும் என்றும் ரக்னா சொன்னார். ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் காபி ஊற்றிக்கொண்டு பின்னால் நின்றேன்.

யாருக்கும் தலைவலி வரக்கூடாதென்று அவர் மிதமான ஜோடியைச் சுவரில் போட்டார். எல்லோரும் சிவப்பு-நீல அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். பிளவு ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

"அது மான் போற தடம்க்கா. நானே அதுல நடந்திருக்கேன்" என்றார் என் கணவர் ஆர்னே. மண்டபமே சிரித்தது.

ரக்னா படத்தை மாற்றி, ஆழமான ஜோடியைப் போட்டார்.

"ஐயோ, கண்ணப் புடுங்குது! நிறுத்தும்மா!"

"எனக்கு ரெண்டு மலை தெரியுது. எது விழப்போவுது, இதுவா அதுவா?"

ஆட்கள் எழுந்து கோட்டுகளை எடுக்கத் தொடங்கினார்கள். ரக்னா பலகாரம் வைத்திருந்த மேசையைக் காலி செய்து, கண்ணாடிப் பெட்டியை வைத்தார். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஒவ்வொருத்தரா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

யாரும் நகரவில்லை. எனக்குக் கூட்டத்தில் நாலு பேர் பார்க்க நடக்கவே கூசும். ஆனாலும் போய்க் குனிந்தேன்.

மலை என் மூக்கைத் தொடுவதுபோல் எழுந்தது. உச்சியில் கறுப்பாக ஒரு வாய் பிளந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த மரங்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அவற்றுக்கும் கீழே எங்கள் கூரை. மழை விட்ட அந்த ஒரு நாளில் கொடியில் நான் காயப்போட்ட விரிப்புகள் வெள்ளைப் புள்ளிகளாக இருந்தன. நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள். பார்த்தவர்கள் கோட்டுகளைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு நின்றார்கள்.

கடைசியாக ஆர்னே குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னங்கடா, பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க? அதே மான் தடந்தான். தட்டையாத்தான இருக்கு!"

அவர் விளையாடுவதாகத்தான் நினைத்தார்கள். ரக்னா மட்டும் அவருடைய இடது கண்ணையே பார்த்தார். மில்லில் மரச்சில்லு பட்டு ஆர்னேயின் இடது கண்ணில் பார்வை போய்ப் பல வருடமாகிறது. வெளிக்கு நல்ல கண்போல இருப்பதால் எல்லோரும் மறந்துவிட்டோம். ஒற்றைக் கண்ணுக்கு எந்த ஜோடியும் எழாது.

"தம்பி, உனக்குக் காட்ட எங்கிட்ட படமே இல்லடா. நான் சொல்றத நம்பு" என்றார் ரக்னா.

"நான்தான் என் கண்ணால பாத்துட்டேனே" என்றார் அவர்.

அந்த வாரமே தெரு காலியானது. நான் மகளோடு ரக்னா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆர்னேயையும் வரச்சொல்லித் தினமும் போய்க் கெஞ்சினேன், நடக்கவில்லை.

போன இலையுதிர் காலத்துப் படத்தில் பிளவு இன்னும் அகலமாகியிருக்கிறது. ஆர்னே இன்றும் ஓடைத்தெருவில் தனியாகத்தான் தூங்குகிறார். மலை இன்னும் விழவில்லை.