வாய்க்கரிசிக்கு ஆங்கிலம்

படித்த படிப்புக்கு ஓர் இடம் தேடிக் கடல் தாண்டி வந்தவன், அந்த இடம் கிடைக்காதவரையில் யார்? மைக்கல்ராஜின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது போலத் தோன்றுகிறது.

பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு, ஆங்கில வாத்தியார் வேலைக்கென்று அவர் மலாயாவுக்குக் கப்பலேறியபோது இங்கே கம்யூனிஸ்டுக் கலகத்தை அடக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. சிரம்பான் நகரத்தை ஒட்டிய ராசாவில் ஒரு கடையின் மாடியில் தங்கிக்கொண்டு, ஊரில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார். எந்தத் தாழ்வாரத்துக்குப் போனாலும் அவருக்கு முன்பே நாலைந்து பேர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு இங்கே மாமனோ சித்தப்பனோ இருந்தார்கள். சிலர் உள்ளூரிலேயே பயிற்சி முடித்திருந்தார்கள். மைக்கல்ராஜிடம் இருந்தது நல்ல ஆங்கிலம் மட்டும். அது போதவில்லை.

கடைசியில் பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இடம் கிடைத்தது. மாலையில் கணக்கெழுதும் கிராணிமார் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். விடியலில் வேறு வேலை. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடுவதில்லை. பாலுக்காக மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி கேட்பதைத் தமிழிலும், ஜனங்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்ல மைக்கல்ராஜ் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அதனால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் அவரோடு ஒட்டவில்லை. குழாயடிக்கு அவர் போனால் பேச்சு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து செபம் சொல்ல இன்னொரு கிறிஸ்தவக் குடும்பமும் அங்கே இல்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்லவும் அவசரப்பட வேண்டியதில்லை. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பவர், அவ்வளவுதான்.

அதிகாரிக்கு அது பிடித்திருந்தது. போர்டிக்சன் ராணுவ முகாமில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். மைக்கல்ராஜ் பெட்டிக்கடியில் கிடந்த கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

"கோட்டு காயுதுலா. வாத்தியாருக்குக் கல்யாணமா?" என்று கேட்டார் ஆட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி.

"வேலைங்க. போர்டிக்சன்ல."

"அங்கயும் கேட்டுல நிக்கிற வேலையா?"

"பள்ளிக்கூடத்துல."

"அப்ப சரி. பிள்ளைங்க மடியையாச்சும் அவுத்துப் பாக்க வேணாம்."

அந்த வாரம் லயத்து ராக்கம்மாவின் புருஷன் சன்னாசி காய்ச்சலில் இறந்துபோனார். சுடுகாடு வேலிக்கு வெளியே இருந்தது. பாடை கேட்டுக்கு வந்ததும் காவலர்கள் நிறுத்தினார்கள். சன்னாசியின் தம்பி மாயாண்டி கையில் ஓலைப்பெட்டி, அதில் பச்சரிசி.

இது என்ன என்றார் அதிகாரி.

அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லை. மைக்கல்ராஜ் யோசித்து, வாயில் போடும் அரிசி என்றார்.

"யார் வாயில்?"

"செத்தவர் வாயில்."

"செத்தவன் சாப்பிட மாட்டான். அப்படியானால் இதைச் சாப்பிடப் போகிறவன் யார்?"

தர்க்கப்படி அது சரியான கேள்விதான். ஒரு பிடிதானே, நானே கூடப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று மைக்கல்ராஜ் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பரிந்து பேசினால் சந்தேகம் தன்மேலும் விழும், போர்டிக்சனும் போய்விடும். காவலர் ஒருவர் பெட்டியை வாங்கிக் கவிழ்த்தார். செம்மண்ணில் அரிசி சிதறியது.

கேட்டுவரை பின்னால் வந்த ராக்கம்மா மைக்கல்ராஜையே பார்த்தாள்.

"வாத்தியாரையா, தொரைகிட்ட என்னா சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன்மா."

"எல்லாத்தையும் சொன்னீங்களா?"

பாடை அரிசியில்லாமல் வெளியே போனது. பெண்கள் லயத்துக்குத் திரும்பினார்கள்.

சில நாள் கழித்து, வேலை உறுதியாகி, அவரை ஏற்றிக்கொண்டு போக ராணுவ லாரியே வந்தது. மைக்கல்ராஜ் கறுப்புக் கோட்டோடும் பெட்டியோடும் கேட்டுக்கு வந்தார். அரிசி சிதறிய செம்மண்ணைப் பார்த்தபடி டிரைவரிடம் ஏதோ சொன்னார். லாரி காலியாகத் திரும்பியது.

"என்னாங்க, லாரி போவுதுலா," என்றார் நல்லசாமி.

"போகட்டும்."

மறுநாள் விடியலில் அவர் வழக்கம்போல் அதே கேட்டில் நின்றார். அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்தெடுத்த பிறகும் அதே தோட்டத்தில்தான் இருந்தார். குழாயடியில் அப்போதும் பேச்சு நின்றுகொண்டுதான் இருந்தது. ஏன் போகவில்லை என்பதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.